துயரத்தைத் தனியே சுமக்க விடலாகாது

(மறைந்த தோழர்களின் குடும்பத்தினர் பங்கேற்ற கூட்டத்தில், கேப்டன் லட்சுமி சாகல் நினைவு நாளன்று ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சென்ற ஓராண்டுக்குள் தாயையோ தந்தையையோ, வாழ்க்கைத் துணையையோ, பெற்ற பிள்ளையையோ பறிகொடுத்துவிட்டு இந்த அரங்குக்கு வந்திருக்கும் குடும்பத்தாரே!

இன்று ஜூலை 23. 2012ஆம் ஆண்டு இதே நாளின் முற்பகலில் கான்பூர் நகரில் கேப்டன் லட்சுமி சாகல் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 97. இந்திய தேசிய ராணுவத்தின் வீராங்கனை மறைந்தார் என்று நாளேடுகள் எழுதின. மூத்த தோழருக்குக் கட்சி செங்கொடி தாழ்த்தியது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தன் நிறுவனத் தலைவர்களுள் ஒருவரை இழந்தது. இவை எல்லாம் உண்மை. இவற்றோடு இன்னோர் உண்மையும் உண்டு. அன்று அந்த வீட்டில் இரண்டு மகள்கள் தாயை இழந்தார்கள். பேரப்பிள்ளைகள் பாட்டியை இழந்தார்கள்.

தொண்ணூற்றேழு வயது நிறைவாழ்வுதானே, கல்யாணச் சாவுதானே என்று ஊரார் சொல்வது வழக்கம். ஆறுதலாகவே சொல்கிறார்கள், அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் தாயின் குரலைக் கேட்டே விடிந்த வீட்டில் அக்குரல் நின்றுபோன மறுநாள் காலையை, எந்த வயதுக் கணக்கும் எளிதாக்கிவிடுவதில்லை. அந்தக் காலைப்பொழுதை இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறியும். ஆகவே அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும், அவர்களுக்காக என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கம்யூனிஸ்டுகள் அழலாமா?

மறுமையை நம்பாதவர்கள் மரணத்தைக் கண்டு கலங்கக் கூடாது என்ற எண்ணம் கட்சிக்குள்ளேயே சிலரிடம் இருக்கிறது. சாவு வீட்டில் கண்ணீர் விடும் தோழரின் தோளைத் தட்டி, ‘உறுதியாக இருங்கள்’ என்கிறார்கள். இது மார்க்சியமும் அன்று. மனித இயல்பும் அன்று.

கார்ல் மார்க்சுக்கும் ஜென்னிக்கும் பிறந்த பிள்ளைகள் எழுவர். அவர்களுள் வளர்ந்து ஆளானவர்கள் மூவரே. 1855 ஏப்ரலில், இலண்டன் சோகோ பகுதியின் நெருக்கடியான குடியிருப்பில், எட்டு வயதுச் சிறுவன் எட்கர் மார்க்ஸ் இறந்தான். வீட்டின் உயிராக இருந்த பிள்ளை அவன். அவன் போனபின் வீடு பாழாகிவிட்டது என்று மார்க்ஸ் மறைக்காமல் எழுதினார். அந்த நாட்களில் தம்மைத் தாங்கி நிறுத்தியது எங்கெல்சின் நட்பும், இருவரும் சேர்ந்து இவ்வுலகில் உருப்படியான ஏதேனும் செய்ய முடியும் என்ற நம்பிக்கையுமே என்று எங்கெல்சுக்கே தெரிவித்தார். எங்கெல்ஸ் அறிவுரை கூறிக்கொண்டிருக்கவில்லை. இருவரையும் மான்செஸ்டருக்கு அழைத்துச் சிறிது காலம் தம்முடன் வைத்துக்கொண்டார்.

கடவுளை நம்பும் குடும்பத்துக்கு, இறந்தவர் வேறோர் உலகில் இருக்கிறார் என்ற எண்ணம் ஓர் ஊன்றுகோல். அந்த ஊன்றுகோலை வைத்துக்கொள்ளாத குடும்பத்துக்கு, சக மனிதர்களே ஊன்றுகோல். அப்படியானால் பொருள்முதல்வாதிகளின் தோழமைக்குக் கடமை கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

தமிழ் இலக்கண நூலோர் இறந்தோரை நினைந்து பாடும் பாடலைக் ‘கையறுநிலை’ என்றார்கள். செய்வதறியாது செயலற்று நிற்கும் நிலை என்பது அதன் பொருள். துயரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. அதே பழந்தமிழர்தாம், வீழ்ந்த வீரனுக்கு நடுகல்லும் நட்டார்கள். கல்லைத் தேடிக் கண்டெடுக்கவும், நீராட்டவும், நடவும், வாழ்த்தவும் பலர் சேர்ந்தார்கள். முதலில் அழுகைக்கு இடம். அதன்பின் செயலற்ற கைகளுக்குச் சேர்ந்து செய்ய ஒரு வேலை. துயரம் ஆறும் வழியைப் பழையோர் இவ்வாறு அறிந்துவைத்திருந்தார்கள்.

மகளைப் பின்தொடர்ந்த தாய்

கேப்டன் லட்சுமியைப் பற்றிய உரைகள் பெரும்பாலும் சிங்கப்பூரில் தொடங்கி ரங்கூனில் முடிந்துவிடுகின்றன. ஒரு குடும்பத்தின் நினைவு அப்படித் தொடங்குவதில்லை.

அவர் 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை சுவாமிநாதன் உயர்நீதிமன்ற வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற பெண்களுள் ஒருவர். நடனக் கலைஞர் மிருணாளினி சாராபாய் இவருடைய தங்கை. தாய்வழிப் பாட்டியின் வீடு கேரளத்தில் இருந்தது. அருகிலிருந்த காட்டுப் பகுதி மக்களின் நிழல் பட்டாலே தீட்டு என்று பாட்டி சொல்வாராம். ஒருநாள் சிறுமி லட்சுமி நேரே நடந்துசென்று, அம்மக்களுள் தன் வயதொத்த ஒரு சிறுமியின் கையைப் பிடித்து விளையாட அழைத்துவந்துவிட்டார். பாட்டிக்குக் கடுங்கோபம். பேத்தி கையை விடவில்லை. இந்த ஒரு நிகழ்ச்சியை அறிந்த பேரப்பிள்ளைக்குத் தன் பாட்டியைப் பற்றி வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்; மகப்பேறு மருத்துவத்தில் பட்டயமும் பெற்றார். 1940இல் சிங்கப்பூர் சென்று, புலம்பெயர்ந்த ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்கு மருத்துவம் பார்த்தார். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் அங்கே வந்தபின், ஜான்சி ராணி படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அப்படையில் சேர்ந்தவர்களுள் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களில் உழைத்த குடும்பங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். 1945இல் பர்மாவில் பிரிட்டிஷாரால் கைது செய்யப்பட்டு, 1946இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1947 மார்ச்சில், செங்கோட்டை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட மூவருள் ஒருவரான கர்னல் பிரேம் குமார் சாகலை லாகூரில் மணந்தார். பின்னர் கான்பூரில் குடியேறினார்கள்.

அதன்பின் வந்த அறுபத்தைந்து ஆண்டுகளே அவருடைய நெடிய போர்க்களம். பிரிவினையில் வீடிழந்து கான்பூருக்கு வந்த அகதிகளுக்கு மருத்துவம் பார்ப்பதில் அது தொடங்கியது. ஆலைத் தொழிலாளர் நகரமான கான்பூரில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அவருடைய கைகளில் பிறந்தார்கள். தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் அவர் காலையில் தம் மருந்தகத்துக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கட்சிக்கு வந்த வரலாறு இங்கே வந்திருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சிறப்பாகச் சொல்லத் தக்கது. வழக்கமாகப் பெற்றோரைப் பார்த்துப் பிள்ளைகள் இயக்கத்துக்கு வருவார்கள். அந்த வீட்டில் மகள் சுபாஷினி முதலில் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1971இல் வங்கதேச அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் திரண்டு வந்தபோது, மருத்துவர்களும் மருந்துகளும் வேண்டும் என்று ஜோதிபாசு வேண்டுகோள் விடுத்தார். மருத்துவர் லட்சுமி எல்லைப் பகுதிக்குச் சென்று அகதிகளிடையே வாரக்கணக்கில் பணிபுரிந்தார். திரும்பி வந்து, 57ஆம் வயதில், கட்சி உறுப்பினராவதற்கு விண்ணப்பித்தார். மகள் நடந்த பாதையில் தாய் நடந்தார். பெற்ற பிள்ளையிடம் கற்றுக்கொள்வதைத் தாழ்வாகக் கருதாத தாயை இழந்த வீட்டில் இழப்பு இரட்டிப்பாகிறது. அங்கே ஒரு தாயோடு ஒரு தோழரும் மறைகிறார்.

ஒரு நகரமும் ஒரு பெயரும்

1984ஆம் ஆண்டின் இறுதி நாட்களைக் கான்பூர் மறந்திருக்க முடியாது. இந்திரா காந்தி படுகொலையை அடுத்துச் சீக்கியர்கள் மீது வன்முறை ஏவப்பட்டபோது, அந்நகரிலும் உயிர்கள் பறிக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. எழுபது வயதான மருத்துவர் லட்சுமி தெருவில் இறங்கினார். வெறியூட்டப்பட்ட கும்பலின் எதிரே நின்றார். தம் மருந்தகம் இருந்த நெரிசலான பகுதியில் சீக்கியர் எவரும் தாக்கப்படாமல் காத்தார். அந்தப் புகை அடங்குவதற்குள் டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் நச்சுவாயு கசிந்தது. மருத்துவக் குழுவுக்குத் தலைமையேற்று அங்கே சென்றார். கருவுற்ற பெண்களிடம் அந்த வாயு விட்டுச்சென்ற நெடுங்கால விளைவுகளைப் பின்னாளில் அறிக்கையாக எழுதினார்.

2012இல் அவர் மறைந்தபின், அவருடைய விருப்பப்படி குடும்பத்தினர் உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைத்தார்கள். அந்தக் கல்லூரிக்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி. ‘பிரதாப்’ இதழின் ஆசிரியர் அவர். இளைஞர் பகத்சிங்குக்குத் தம் இதழில் இடமளித்தவர். 1931 மார்ச்சில், பகத்சிங் தூக்கிலிடப்பட்ட மறுநாள் கான்பூரில் வகுப்புக் கலவரம் மூண்டது. இந்துக்களையும் முஸ்லிம்களையும் வேறுபாடின்றிக் காப்பாற்றப் புகுந்த வித்யார்த்தி, மார்ச் 25 அன்று கலவரக்காரர்களால் கொல்லப்பட்டார். கும்பலைத் தடுக்கப் புகுந்து அந்நகரில் உயிர்நீத்த ஒருவரின் பெயரைத் தாங்கிய கல்லூரிக்கு, அதே நகரில் அரை நூற்றாண்டுக்குப் பின் கும்பலைத் தடுத்து நின்ற ஒரு பெண்ணின் உடல் பாடமாகச் சென்று சேர்ந்தது. இதை எவரும் திட்டமிடவில்லை. வாழ்ந்த வாழ்க்கை தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டது.

கொடையளித்தவர் யார்?

உடற்கொடை பற்றிப் பேசும்போது, இறந்தவரின் பெருந்தன்மையைப் போற்றுவதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அதில் பாதி உண்மையே இருக்கிறது. ஒருவர் உயிரோடிருக்கையில் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடலாம். ஆயினும் அவர் இறந்தபின் நெருங்கிய உறவினர் முன்வந்து ஒப்படைத்தால்தான் அது நிறைவேறும். மருத்துவரிடம் இறப்பை உறுதிசெய்து சான்று பெற வேண்டும். கல்லூரியின் உடற்கூறியல் துறைக்குத் தகவல் தர வேண்டும். கண்கொடையும் உண்டெனில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட வேண்டும். கண்ணீர் காய்வதற்கு முன்னரே, வாழ்நாளின் மிகக் கொடிய அந்த மணித்துளிகளில், குடும்பம் இத்தனையும் செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் சொந்தபந்தம் கேள்வி கேட்கும். கொள்ளி வைக்காமல் அனுப்புவதா? சாம்பலாவது வேண்டாமா? இத்தனை கேள்விகளுக்கும் விடை சொல்லி நின்ற மனைவியும் மகளும் மகனும்தாம் கொடையாளிகள். இந்த அரங்கில் அத்தகையோர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லப்பட்டதா என்று ஒவ்வொரு கிளையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பல மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் உடற்கூறியல் பாடத்தைத் தொடங்குமுன், கொடையுடலின் முன்நின்று உறுதிமொழி ஏற்கிறார்கள். மரியாதையோடு நடத்துவோம், கற்றதை மக்களுக்குப் பயன்படுத்துவோம் என்பது அதன் சாரம். மண்ணில் ஓர் அடையாளம் இல்லையே, போய் நிற்க ஓர் இடம் இல்லையே என்று ஏங்கும் குடும்பங்கள் இதை நினைவில் கொள்ளலாம். அந்தத் தாயிடம் பாடம் கற்ற இளைஞர் ஒருவர், எங்கோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பெயரறியாத ஒரு பெண்ணின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கொடையளிக்க இயலாமற்போன குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. உடற்கூறாய்வு நடந்திருந்தாலோ, தொற்றுநோய் இருந்தாலோ கல்லூரிகள் பொதுவாக உடலைப் பெற்றுக்கொள்வதில்லை. சில வீடுகளில் தாயின் மனம் இடம்தராது. அடக்கமோ தகனமோ அவருக்குத் தெரிந்த முறையிலேயே நடக்க வேண்டும் என்பார். அந்த வீட்டில் நின்று வாதம் புரிவது தோழமை ஆகாது. கணவனை இழந்த பெண்ணைக் கொள்கையின் பேரால் அன்று தோற்கடிப்பவர், மறுமுறை அந்த வாசலில் ஏறும் உரிமையை இழந்துவிடுகிறார். குற்றவுணர்வு கொள்ள எந்தக் குடும்பத்துக்கும் காரணமில்லை.

ஐந்து மாதங்களில் இரு இழப்புகள்

பெருந்தொற்றுக் காலத்தில் மரணம் இன்னொரு கொடுமையையும் சேர்த்துக்கொண்டது. முகம் பார்க்க முடியவில்லை. தொட்டு அழ முடியவில்லை. வாசலில் நாலு பேர் கூட முடியவில்லை. 2021 ஏப்ரல் 22 அன்று தோழர் சீத்தாராம் யெச்சூரி தம் மூத்த மகனைக் கொரோனாவுக்குப் பறிகொடுத்தார். மகனுக்கு வயது 34. அன்று காலையில் அந்தத் தந்தை வெளியிட்ட சிறிய அறிவிப்பில், துயரத்தைத் தெரிவித்த கையோடு, மகனுக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி சொன்னார். மகனை இழந்த நேரத்திலும் மருத்துவமனையின் தரையைத் துடைத்தவரை நினைவில் வைத்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய தாயார் மறைந்தார். தாயின் உடலை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொடையளித்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், 2024 செப்டம்பர் 12 அன்று அவரே மறைந்தபோது, அவருடைய குடும்பத்தினர் அதே எய்ம்சுக்கு அவர் உடலை ஒப்படைத்தார்கள். 2010இல் ஜோதிபாசுவின் உடலும், 2024 ஆகஸ்டில் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் உடலும் கொல்கத்தா மருத்துவக் கல்லூரிகளுக்குச் சென்றன. ஒவ்வொரு முறையும் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய ஒரு குடும்பம் இருந்தது. தலைவர்கள் வரலாற்றில் இடம்பெறுகிறார்கள். வீடு திரும்பியவர்களின் அன்றைய இரவு எந்த வரலாற்றிலும் எழுதப்படுவதில்லை.

இரங்கல் தீர்மானத்துக்குப் பிறகு

இங்கே சுயவிமர்சனம் தேவைப்படுகிறது. ஒரு தோழர் மறைந்தால் கட்சி சில காரியங்களைச் செவ்வனே செய்கிறது. செங்கொடி போர்த்துகிறது, இறுதி ஊர்வலம் நடத்துகிறது, படத்திறப்புக் கூட்டம் கூட்டுகிறது, இரங்கல் தீர்மானம் நிறைவேற்றுகிறது. முப்பதாம் நாளோடு பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடுகிறது. துயரம் தன் முழுப் பாரத்தோடு வந்து அமர்வதோ அதற்குப் பின்புதான். வருவோர் குறைந்து, அழைப்புகள் நின்று, சாப்பிடும் நேரத்தில் ஓர் இடம் வெறுமையாக இருக்கும் மூன்றாவது மாதத்தில்தான் வீடு உண்மையில் தனிமைப்படுகிறது.

அப்போது செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலையும் பெண்ணோடு ஒருவர் கூடச் செல்லலாம். வருங்கால வைப்பு நிதியையும் குடும்ப ஓய்வூதியத்தையும் பெற விண்ணப்பம் எழுதித் தரலாம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டதா என்று விசாரிக்கலாம். எந்த வேலையும் இல்லாமல் மாலையில் சென்று, ஒரு தேநீர் அருந்தி, இறந்தவரைப் பற்றிப் பேசிவிட்டு வரலாம். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று அஞ்சி, பெயரையே எடுக்காமல் இருப்பது தவறு. பெயரைச் சொல்லி நினைவைப் பகிர்வோர் இல்லையே என்பதுதான் பல குடும்பங்களின் ஏக்கம்.

நினைவுக் கூட்டங்களிலும் மாற்றம் வேண்டும். பதவிகளையும் சிறைவாசங்களையும் வரிசையாகப் படித்தால் மேடை நிறையும், வீடு நிறையாது. அந்தத் தோழர் எப்படிச் சிரித்தார், எதற்குக் கோபப்பட்டார், யாருக்காகக் கையிலிருந்த கடைசிப் பணத்தைக் கொடுத்தார் என்று சொல்லும் ஓர் எளிய நினைவு, மகளின் மடியில் வைத்துக் கொடுத்த பரிசாகும். காட்டுப் பகுதிச் சிறுமியின் கையைப் பிடித்த அந்தப் பிடியில் கேப்டன் லட்சுமி முழுமையாக இருக்கிறார். உங்கள் வீட்டு மனிதரிடமும் அப்படி ஒரு நிகழ்ச்சி நிச்சயம் இருக்கும். அதை எழுதி வையுங்கள், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

2002இல், 87ஆம் வயதில், இடதுசாரிக் கட்சிகளின் வேட்பாளராகக் கேப்டன் லட்சுமி குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். வெற்றி கிட்டாது என்பது முன்பே தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்வதற்காக நாடெங்கும் சென்று பேசினார். தேர்தல் முடிந்தபின் கான்பூருக்குத் திரும்பி, காத்திருந்த நோயாளிகளைப் பார்க்கப் போனார். தோல்விக்கும் இழப்புக்கும் பிறகு ஒருவர் போய்ச் சேரத்தக்க இடம் அதுவே. யாரோ ஒருவர் காத்திருக்கும் இடம்.

அன்பான குடும்பத்தாரே! அழுகை வரும்போது அழுங்கள். அழுகை ஓய்வதற்குக் கெடு எதுவும் இல்லை. உங்களைக் காத்திருப்போரும் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளையோ, தெருவில் ஒரு முதியவரோ, சங்க அலுவலகத்தில் முடிக்கப்படாத ஒரு மனுவோ காத்திருக்கலாம். போக முடிகிற நாளில் போங்கள். போக முடியாத நாட்களில் உங்கள் வாசலுக்கு வர வேண்டியது தோழர்களின் கடமை. அதை அவர்கள் தவறினால் உரிமையோடு கேளுங்கள்.

கேப்டன் லட்சுமிக்கும், இந்த ஓராண்டில் மறைந்த தோழர்கள் அனைவருக்கும், அவர்களைச் சுமந்து வழியனுப்பிய குடும்பங்களுக்கும் செவ்வணக்கம்!